சுவரில் மாட்டிய பாட்டுப் புத்தகங்கள்

பெரம்பலூரில் என் தங்கை வீட்டு ஹாலில் ஒரு சுவர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஏற்பாடு. பார்க்காமல் நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். உடனே தங்கையைக் கூப்பிட்டு லைட்டைப் போடச் சொல்வார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஜன்னல் வழியாக அதில் பாதி உள்ளேயும் வந்திருக்கும். அப்போதும் லைட் போட்டாக வேண்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை பட்டப்பகலில் லைட் போடுகிறார்.

அந்த லைட் விழுவது பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் மேல். முழுப் புத்தகங்களாக வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒவ்வொன்றிலும் பின்னைப் பிடுங்கி, தாள் தாளாகப் பிரித்து, யானைத் தந்த நிறத்தில் ஓர் அட்டை வாங்கி அதில் ஒட்டி, கறுப்புச் சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் அடைத்து மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் என் அம்மாவுடையவை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுபோல, மாமியாரின் டப்பாவில் இருந்ததை எடுத்துத் தன் ரசனை என்று மாட்டிக்கொண்டவர் அவர்.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டுத் திரும்பியவர். பெரம்பலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் யோசனை வேண்டும். டைல்ஸ் விற்கிறவருக்கு எந்தப் பொருளுக்கும் ஒரு பக்கம்தான் முகம். மறுபக்கம் சிமெண்டைப் பூசிச் சுவரில் அப்புவதற்காக உண்டானது. நான் அரியலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள், என் பிழைப்பே தாள்தான். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எங்கள் ஆபீசைப் பெருக்க வருகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

பாட்டுப் புத்தகம் என்றால் என்ன என்று இந்தக் காலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். கொட்டகை வாசலில் படம் தொடங்கும் முன் கூவி விற்பார்கள். சாணித்தாளில் அச்சடித்த, உள்ளங்கை அகலத்துப் புத்தகம். அட்டையில் கதாநாயகன் கதாநாயகி முகம், மூக்கு எது கன்னம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அச்சு. உள்ளே நடிகர்கள் பெயர், அப்புறம் கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டு. கதைச் சுருக்கம் முழுதாக இருக்காது. கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்கிற இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். காசு கொடுத்து உள்ளே போகிறவர்களுக்கு அது விளம்பரம். என் அம்மாவுக்கு அதுவே படத்தின் முடிவு. அப்பா உயிரோடு இருந்தவரை அம்மா கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை.

அப்பாவுக்குச் சினிமா ஆகாது. குடும்பப் பெண் பாட்டுப் பாடினால் நிலம் விளையாது என்று எந்தச் சாஸ்திரத்தில் படித்தாரோ தெரியாது. ஜெயங்கொண்டத்தில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கி வருவார். அம்மா அதை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பாள். பாதியில் நின்ற கதைகளுக்கெல்லாம் அவளே முடிவு கட்டி எங்களுக்குச் சொல்வாள். அவள் சொன்ன முடிவுகளில் கதாநாயகன் பெரும்பாலும் செத்துப்போவான், கதாநாயகி நிலத்தை வாங்கி உழவு வைப்பாள்.

பாட்டுகளுக்கும் இதே கதிதான். ரேடியோவில் வந்த பாட்டென்றால் அவளுக்கு மெட்டுத் தெரியும். ஓடாத படத்தின் பாட்டை ரேடியோக்காரன் எதற்குப் போடுகிறான்? மாமாவோ எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைத்தான் வாங்குவார், ஓடாத படத்தின் புத்தகம்தான் மலிவு. அதனால் அம்மாவிடம் இருந்த பாட்டுகளில் பாதி அவள் காதால் கேட்டறியாதவை. அவற்றுக்கு நலங்குப் பாட்டு மெட்டிலும் கும்மி மெட்டிலும் தானே இசை போட்டுக்கொண்டாள். புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவாள். தாளைக் கண்ணால் பார்த்தால்தான் வாயில் வரும் என்பாள்.

அதில் ஒன்று கிணற்றுக் கப்பிப் பாட்டு. தண்ணீர் சேந்த வந்த பெண், கயிறு ஓடும் கப்பியைப் பார்த்துக் கேட்கிறாள். கப்பியே, கப்பியே, கட்டினவன் போனான், நான் அழுகிறேன், உனக்கென்ன வந்தது, நீ எதற்கு அழுகிறாய் என்று. பல்லவியும் முதல் சரணமும் முழுக்க அவள் கேள்விதான். இரண்டாவது சரணத்தில் கப்பி பதில் சொல்லும். அந்தப் பதிலுக்காகவே அம்மா அந்தப் பாட்டை விட்டதில்லை.

எங்கள் கொல்லைக் கிணற்றிலும் ஒரு கப்பி இருந்தது, ஊரைக் கூட்டும் சத்தம் போடும். அப்பா அதற்கு எண்ணெய் விடச் சொல்லிக் கத்திக்கொண்டே இருப்பார். எண்ணெய் விட்டால் கயிறு வழுக்கும் என்று அம்மா ஒரு சமாதானம் சொல்வாள், கயிற்றுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை. கப்பி கத்தினால்தான் அவள் பாடுவது அப்பா காதில் விழாது. இடுப்பில் புத்தகத்தைச் செருகிக்கொண்டு போய், கிணற்றுச் சுவரில் விரித்து வைத்து, தண்ணீர் சேந்திச் சேந்திப் பாடுவாள். தொட்டி நிரம்பி வழிந்து வாழைக்குப் போகும். எங்கள் வீட்டு வாழை அந்தத் தெருவிலேயே செழிப்பாக இருந்ததற்கு அப்பாவின் விவசாய ஞானம் காரணமில்லை.

அப்பா போன பிறகு புத்தகங்கள் அரிசிப் பானையிலிருந்து பிஸ்கட் டப்பாவுக்கு வந்தன. அம்மா என்னோடு அரியலூரில்தான் இருக்கிறாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் பாடுவாள், ஒளிந்து பாட வேண்டிய அவசியம் இல்லை. தங்கை புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, முன்கூட்டியே வந்து ஒத்தாசையாக இருக்கச் சொல்லி அம்மாவை அழைத்துப் போனாள். டப்பாவும் கூடவே போனது. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தது அப்படித்தான்.

அங்கே நடந்ததை அம்மா பிறகு என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை டப்பாவைப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்து, “அத்த, இதெல்லாம் வின்டேஜ்” என்றாராம். அம்மா காதில் அது வேண்டாதது என்று விழுந்திருக்கிறது. வேண்டாதது என்று யார் சொன்னார்கள், நான்தான் தினமும் பார்க்கிறேனே என்று பதில் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, வேண்டாததில்லை, விலை மதிப்பில்லாதது, டப்பாவில் கிடக்கக் கூடாது, புது வீட்டில் மாட்டி வைக்கிறேன் என்றாராம். அம்மா சம்மதித்துவிட்டாள்.

சம்மதித்ததற்குக் காரணம் அந்த ‘மாட்டி’ என்கிற வார்த்தை. எங்கள் பக்கத்தில் மாட்டி வைப்பதென்றால் பஞ்சாங்கத்தை மாட்டுவதுதான். மூலையில் துளை போட்டு, சணல் கோத்து, ஆணியில் தொங்கவிடுவோம். வேண்டியபோது எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவோம். டப்பா மூடியைத் திறந்து திறந்து நகம் நோகிறதே, ஆணியில் தொங்கினால் சுலபம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். எனக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடியுங்கள் என்று வேறு கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளையும் சரி அத்தை என்று தலையாட்டியிருக்கிறார்.

கிரகப்பிரவேசத்தன்று நான் காலையில் முதல் பஸ் பிடித்துப் போனேன். பால் காய்ச்சி முடித்து எல்லோரும் அந்தச் சுவரின் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமி ரூமுக்குள் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது, இந்தச் சுவருக்கு மட்டும் கல்யாணக் கூட்டம் கொள்ளும் இடம். திருச்சியிலிருந்து வந்த இன்டீரியர்க்காரர் பக்கத்தில் நின்று, பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் பாலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு கதைச் சுருக்கத் தாள் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். அது வேண்டுமென்றே செய்தது என்றார்.

அம்மா சோபாவுக்குப் பின்னால் கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தாள். சட்டங்களெல்லாம் அவள் தலைக்கு மேலே. கண்ணாடியில் லைட் அடித்ததால் எழுத்தும் தெரியவில்லை. கையை நீட்டி ஒரு சட்டத்தின் ஓரத்தைத் தொட்டாள். பக்கத்தைப் புரட்டுகிறவள்போல விரலை வைத்துப் பார்த்தாள். “அத்த, கைரேகை படும்” என்று மாப்பிள்ளை தூரத்திலிருந்தே சொன்னார்.

கப்பிப் பாட்டு நடுவில், பெரிய சட்டத்தில் இருந்தது. பல்லவியும் முதல் சரணமும் பக்கத்தின் அடிவரை. இரண்டாவது சரணம் அந்தத் தாளின் பின்பக்கம். கேள்வி மட்டும் ஹாலைப் பார்த்து இருந்தது. முன்பக்கம் பாழாய்ப்போனாலும் பாடிவிடுவேன், கப்பி சொல்லுகிறதுதான் வாயில் நிற்கவில்லை, அதை மட்டும் எடுத்துக் கொடு என்று அம்மா என்னிடம் கேட்டாள். எனக்கும் அது தெரியாது. கப்பி ஏதோ பதில் சொல்லும் என்பதுதான் என் ஞாபகத்தில் இருக்கிறது. தங்கைக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே ஞாபகம் இல்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். இதற்கா இவ்வளவு என்று போனை எடுத்தார். யூடியூபில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. எங்கோ தேடி அந்தப் பாட்டைப் பிடித்தும் விட்டார். எல்லோரும் கேட்கச் சத்தமாக வைத்தார். ஏதோ ஒரு பெண் குரல், பின்னால் இருபது வயலின். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும், “இது அந்தப் பாட்டு இல்ல மாப்ள” என்றாள்.

வார்த்தை அதே வார்த்தைதான் என்றார் அவர். அத்தை இத்தனை வருசமாகத் தப்பான மெட்டில் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூடியிருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். கொட்டகைக்குப் போக விடாதவன் ஒருவன், போகாததால் உண்டான மெட்டைக் கேட்டுச் சிரிக்கிறவன் இன்னொருவன். அந்தக் கூட்டத்தில் தங்கையும் சிரித்ததை நான் பார்த்தேன், இதுவரை அவளிடம் கேட்கவில்லை. பாட்டு முதல் சரணத்தோடு முடிந்துவிட்டது என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தில் அந்த இடத்தில் வெட்டிவிட்டார்கள். கப்பிக்குப் பேசக் கொடுக்க அவர்களிடம் பிலிம் இல்லை போலிருக்கிறது.

ஆக, இரண்டாவது சரணம் இருக்கிற இடம் அந்தச் சட்டம் ஒன்றுதான். பந்தி முடியட்டும் என்று காத்திருந்தேன். எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சட்டத்தைக் கழற்றிச் சோபாவில் கவிழ்த்து, சமையலறைக் கத்தியால் பின்அட்டையை நெம்பினேன். மாப்பிள்ளை ஓடிவந்தார். அக்கா, அது ஆர்ட் என்றார். உள்ளே தாள் முழுக்கப் பசை தடவி அட்டையோடு அட்டையாக ஒட்டியிருந்தது. ஒரு மூலையைக் கிளப்பினேன், தாள் தூளாக வந்தது. பின்பக்கத்தைப் போட்டோவாவது எடுத்தீர்களா என்று கேட்டேன். பின்பக்கத்தை எதற்கு எடுக்கிறார்கள் என்றார். அவர் அதை நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பிரேம் போட்டவரைப் போனில் பிடித்தோம். தண்ணீர் விட்டு ஊறவைத்தால் பிரிக்கலாம், ஆனால் பழைய தாள், இரண்டு பக்கமும் பிழைக்காது, எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லுங்கள், மற்றதைத் தேய்த்து எடுத்துவிட்டு அதைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார் அவர். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மா காதிலும் விழுந்தது.

“முன்பக்கம் போனாப் போவட்டும்” என்றாள் அம்மா.

மாப்பிள்ளை அதை ஏதோ வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். முன்பக்கம்தானே அத்தை ஷோ என்று சொல்லிப் போனை அணைத்தார். நான் கிளப்பிய மூலையைத் தடவிப் பார்த்தார். பிறகு தானே ஆணியில் திரும்ப மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று சரிபார்த்தார். நடுவில் ஒன்று இல்லாவிட்டால் சுவரே மொட்டையாகிவிடுமாம். அம்மாவின் வாய் மொட்டையாவது அவருக்குக் கணக்கில் இல்லை.

அன்றைக்கே அம்மாவை அரியலூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். டப்பாவும் வந்தது, காலியாக. சாயங்காலம் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள், பாட மாட்டாள். கதைக்கெல்லாம் நீயே முடிவு கட்டினாயே, இதற்கும் நாலு வரி கட்டிக்கொள்ளேன் என்று ஒருநாள் சொன்னேன். தேற்றுவதற்காகத்தான் சொன்னேன்.

“கதையோட மீதிய எனக்கு யாரும் குடுக்கல, நாங் கட்டிக்கிட்டேன்” என்றாள். “இது எங்கிட்ட இருந்துச்சுடி.”



சில மாதம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற சேனல் ஒன்றிலிருந்து வீடியோ எடுக்க வருகிறார்களாம். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து கப்பிப் பாட்டைப் பாடினால் பிரமாதமாக இருக்குமாம். எந்த மெட்டானாலும் பரவாயில்லை, அதுதான் ஒரிஜினலாக இருக்கும் என்றார். முந்தி சிரிப்பாக இருந்தது வீடியோ என்றதும் ஒரிஜினல் ஆகிவிட்டது. நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா போனை வாங்கி, பாடினால் சட்டத்தைப் பிரித்துத் தருவாரா என்று கேட்டாள். பார்த்துக்கலாம் அத்தை என்றார். எங்கள் ஊரில் பார்த்துக்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். அது அம்மாவுக்கும் தெரியும், இருந்தும் கிளம்பினாள்.

நன்றாகவே எடுத்தார்கள். சோபாவை நகர்த்தி, அம்மாவை நடுவில் உட்காரவைத்து, தலைக்கு மேல் கப்பிப் பாட்டு தெரிகிற மாதிரி கேமராவை வைத்தார்கள். தங்கை ஓடிவந்து அம்மா கொண்டையில் பூ வைத்தாள். மாப்பிள்ளை முதலில் பேசினார். எங்கள் குடும்பமே இசைக் குடும்பம் என்றார். நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா ஒருமுறை சட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாடினாள். அதே நலங்கு மெட்டு. குரல் கொஞ்சம் தேய்ந்திருந்ததே தவிர, தொய்யவில்லை. பல்லவியில் கேமராக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் சரணத்தில் மாப்பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டு நின்றார். கட்டினவன் போனான், நான் அழுகிறேன், நீ எதற்கு அழுகிறாய் என்று கேட்டு முடித்து, அம்மா நிறுத்தினாள். பக்கம் அங்கேதான் முடிகிறது.

அவர்கள் காத்திருந்தார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கேமரா பிடித்தவர், மீதியையும் பாடுங்கம்மா, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.

“மீதி செவுத்துப் பக்கம் இருக்கு தம்பி” என்றாள் அம்மா. “அதப் பாத்துப் புடிங்க.”

கேமராக்காரர் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை பெரிதாகச் சிரித்து, அத்தைக்கு எப்போதும் தமாஷ்தான் என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை, இந்த முறை தங்கையும் சிரிக்கவில்லை. அம்மா கொண்டையிலிருந்த பூவை எடுத்துச் சோபாவில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொன்னாள்.

வீடியோ வந்தபோது தங்கை எனக்கு அனுப்பினாள். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தன் முகத்தைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பல்லவி வந்தது, சரணம் வந்தது. நீ எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டு முடித்ததும் படம் வெட்டுப்பட்டு மாடுலர் கிச்சன் வந்தது. மாப்பிள்ளை ஒரு டிராயரை இழுத்து, எப்படிச் சத்தமே இல்லாமல் மூடிக்கொள்கிறது பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எண்ணெ வுட்டுருக்காரு போல” என்றாள்.